ஒத்தையாள் சந்து

தாமஸ் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார். செம்பாறையின் முதல் ஏற்றத்திலேயே அது வழுக்கியது. நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு கையால் பாறையையும் இன்னொரு கையால் வெள்ளை பேண்ட்டையும் பிடித்தபடி, "ஒண்ணும் இல்ல, நீங்க போங்க" என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்குச் சிரித்துத் தொலைக்காதே என்று அக்கா அன்னபுஷ்பம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கீழே ஓடை மணலில், புளியமர நிழலில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஏற்பாடு என்னுடையது. போன வருஷம் வந்த வரனிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், காய்ச்சல் என்று ஒரு வாரம் படுத்துக் கிடந்து தப்பித்தவள் நான். அதனால் இந்த முறை அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "அவரோட செம்பாறைய ஒரு சுத்து சுத்தி வரேன்பா. மேக்கால ஏறி கெழக்கால எறங்குனா சம்மதம். பாதியில திரும்பி வந்தா இல்ல. யாரும் ஒரு வார்த்த கேக்கக் கூடாது." அப்பா ஆபிரகாம் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். எழுபத்து நான்காம் வருஷத்து மண்ணூரில் எந்தப் பெண்ணும் இப்படிக் கேட்டதில்லை. ஆனால் வாலாஜாபாத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா புருஷன் லூர்துராஜ்தான், "பொட்டப்புள்ள வெச்சது சட்டமா?" என்று குதித்தார்.

அத்தான் எதிரே மாடு வந்தாலும் ஒதுங்க மாட்டார், மாடுதான் ஒதுங்க வேண்டும். அக்கா ஒதுங்கி ஒதுங்கி, அவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாமல் போய்விட்டது. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. மற்றபடி மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா, உயரமா குட்டையா என்றெல்லாம் நான் கவலைப்படவே இல்லை.

செம்பாறையில் புல்கூட முளைக்காது. மழை வருஷா வருஷம் அறுத்து அறுத்து விட்டுப்போன சிவப்புச் சுவர்கள், தூண்கள், ஒன்றின் தலையில் ஒன்று குந்தியிருக்கும் உருண்டைகள். வெயில் சாயும்போது அத்தனையும் அடுப்புத் தணல் போலச் சிவந்துவிடும். விறகுக்கும் ஆட்டுக்குமாக எத்தனையோ தடவை அதைச் சுற்றியிருக்கிறேன். அப்போதெல்லாம் தலையில் சுமை இருக்கும், கண் காலடியிலேயே இருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு நிமிர்ந்து நடந்தேன். இவ்வளவு உயரமா இந்தச் சுவர் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டர்னர், லேத் மெஷினில் இரும்பு கடைகிற வேலை. பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். பாறையை உள்ளங்கையால் தடவி, "எங்க லேத்துல கூட இவ்ளோ வழவழப்பு வராதுங்க. எந்த ஷிப்ட்ல செஞ்சாங்க?" என்றார்.

"மழை ஷிப்ட்ல" என்றேன்.

"ஓவர்டைம் போட்டிருப்பாங்க போல."

அக்கா சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. வாய்விட்டுச் சிரித்தேன்.

உச்சிக்குப் பக்கத்தில் ஒத்தையாள் சந்து இருக்கிறது. இரண்டு பாறைக்கு நடுவே ஒருவர் மட்டும் போகக்கூடிய வழி. உள்ளே ஒரு வளைவு இருப்பதால் எதிரே வருகிறவர் தெரியாது. நுழைவதற்கு முன் "ஆளு வருதோய்!" என்று கூவ வேண்டும், மறுபக்கம் யாராவது இருந்தால் நின்றுகொள்வார்கள். எங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடும். அன்றைக்கு அவர் ராத்திரி ஷிப்டில் தூங்கிப்போன சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்துவிட்டேன்.

வளைவில் எங்கள் தெரு பாஞ்சாலி அக்கா நின்றிருந்தாள். தலையில் விறகுக் கட்டு, இரண்டு பக்கமும் பாறையில் உரசிக்கொண்டிருந்தது. திரும்பவும் முடியாது, இறக்கவும் முடியாது. அவளுக்குப் பின்னால் செங்குத்தான இறக்கம்.

"இன்னா மேரி, நான் கூவுனது கேக்கல? கூவாம வந்துட்ட, நீயா?" என்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

நாங்கள்தான் பின்னால் போக வேண்டும், அவர் தோளுக்கு அங்கே திரும்ப இடமில்லாததால் அவர் முதுகுப் பக்கமாகவே நடக்க வேண்டும். போனால் சந்துக்கு வெளியே, புளியமரத்துக்கு நேராகத் தெரிகிற திட்டில் போய் நிற்போம். நான் மட்டும் எப்படியோ அவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "பின்னால போனா கீழ இன்னா நெனைப்பாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும். உங்கப்பா சொல்லிகினு இருந்தாரு." ஒரு கணம் வளைவைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "அதுக்கோசரம் இந்தம்மா சொமையோட நிக்கணுமா? எனக்கு முதுகுல கண்ணு இல்ல. நீங்க வழி சொல்லுங்க."

சொன்னேன். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் சொல்வது போலத்தான் வாயில் வந்தது. "வரலாம்... வரலாம்... லெப்ட்ல ஒடி... போலாம் போ, ரைட்டு!" 'போ' என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாஞ்சாலி அக்கா சிரித்த சிரிப்பில் கட்டிலிருந்து இரண்டு சுள்ளி விழுந்தது. அவர் முழங்கை பாறையில் தேய்ந்து சிவந்தது. ஆனாலும் நான் சொன்ன பக்கமெல்லாம் சரியாகத் திரும்பி வந்தார்.

வெளியே வந்தோம். "அடுத்த தபா கூவு கண்ணு" என்று சொல்லிவிட்டு பாஞ்சாலி அக்கா இறங்கிப் போனாள்.

கீழே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்தார். அத்தான், "நான் அப்பவே சொல்லல?" என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. தாமஸின் அம்மா சவரியம்மாள், சம்மதமானால் கொடுக்கக் கொண்டுவந்திருந்த ஜாங்கிரி டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

"அம்மா பாத்துட்டாங்க" என்றார் அவர். அவ்வளவுதான். இறங்கலாமா, மறுபடி போகலாமா என்று என்னைக் கேட்கவில்லை. கழுத்தில் பூட்ஸ் ஆட, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏன் கூவ மறந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து காது சுட்டது.

"உள்ள போறதுக்கு முன்னாடி கூவணும்" என்றேன். "நீங்களும் கூவுங்க."

"இன்னான்னு?"

சொல்லிக் கொடுத்தேன். இருவரும் சந்தின் வாயில் நின்று மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு கூவினோம். அவர் குரல் நடுவில் உடைந்தது. சத்தம் சிவப்புச் சுவர்களுக்குள் நுழைந்து, வளைந்து, அந்தப் பக்கம் போய் வெளியே வந்தது. கீழே சவரியம்மாள், மூடிய டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மெதுவாக, நாங்கள் இறங்க வேண்டிய கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.