பட்டியலில் எழுதாத பெயர்

பொந்துக்குள் தலையைக் கொடுத்ததும் பெர்மெத்தின் மூக்கில் ஏறியது சாணி வாடை. அதற்கு அப்புறம்தான் பயம் வந்தது. மாட்டுக் கொட்டகையின் பின்சுவருக்கும் சாய்ந்து விழுந்த உத்தரத்துக்கும் நடுவே மண் ஏதோ இரக்கப்பட்டு விட்டுவைத்த இடைவெளி அது. தன்னார்வக் குழுவின் பன்னிரண்டு பேரில் அதற்குள் நுழைகிற உடம்பு அவளுக்கு மட்டும்தான். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை குழுத் தலைவர் நூர்தீன் கையில் இருந்தது. டிராக்டர் ஓட்டுகிறவர், சாவு வீட்டில்கூடக் கேலி பேசுகிறவர். இன்று காலையிலிருந்து ஒரு கேலியும் பேசவில்லை.

உள்ளே எங்கோ அவளுடைய மாமனார் கிடக்கிறார். உயிரோடா இல்லையா என்பது தெரியாது. அவர் அங்கே கிடப்பது தன்னால்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

நான்கு நாள் மழையில் ஊருக்கு மேலே இருந்த களிமண் மலையில் விரிசல் விட்டுவிட்டது. விடிந்ததும் குழு வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே தெருவாரியாகப் பெயர்ப் பட்டியலை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. "எங்க தெரு முழுக்க வந்தாச்சு!" என்று கத்தியவள் பெர்மெத்தேதான். கத்திக் கால் மணி நேரத்தில் மலை இறங்கியது. சரிவின் இரைச்சல் அடங்குவதற்குள் மாமியார் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "கன்னு போடற மாட்டப் பாத்துட்டு வர்றேன்னு போனாருடி. நீங்க திருப்பிக் கூட்டியாந்திருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!"

அந்தத் தெருவின் பட்டியலைக் குளிர்காலத்தில் எழுதியதும் பெர்மெத்தான். பதினொரு வீட்டுப் பெயர்களை முத்து முத்தாக எழுதினாள். சொந்த வீட்டுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. கணவன் ரஷ்யாவில் இருக்கிறான், அவன் கணக்கில் இல்லை. தன்னையும் இரண்டு பெண் குழந்தைகளையும் எழுதினாள். மாமியார் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டாள். மாமனார் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தார். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது ஊர் வழக்கம்; கல்யாணமாகி வந்த பதினொரு வருடத்தில் அவள் வாய் சொல்லாத பெயரைக் கையும் எழுத மறுத்தது. மாமியாரிடம் தாளை நீட்டினாள். "அடிப் போடி, புருஷன் பேர நான் எழுதறதா!" என்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நூர்தீன் அண்ணனிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம் என்று மடித்து வைத்தவள், அப்புறம் மறந்தே போனாள். இன்று மைதானத்தில் வாசித்ததும் அந்தத் தாளைத்தான்.

வெளியே நூர்தீன் கையைத் தூக்கியிருக்க வேண்டும். மண்வாரி இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. நூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது அவளுக்கு உள்ளேயே தெரிந்தது.

"பெர்மெத், கூப்பிடு."

"மாமா!"

மேலே எங்கோ மண் நறநறவென்றது மட்டும் கேட்டது. மலை இன்னும் முடிக்கவில்லை. ஓடிவிடலாம் போல அவளுக்குக் கால் துடித்தது.

"மாமா! மாமோவ்!"

"ஊர்ல பாதிக் கெழவனுங்க உனக்கு மாமாதான். பேரச் சொல்லிக் கூப்பிடு தாயி. மயங்கிக் கெடக்கறவனுக்கு அவன் பேருதான் காதுல ஏறும்."

"நீங்க கூப்பிடுங்கண்ணே."

"கத்திக் கத்தித் தொண்ட போச்சு. என் குரல் செவுரத் தாண்டல. உள்ள இருக்கறவ நீ."

வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. பெயர் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று கல்யாணத்தன்று யாரோ சொன்னதை அவள் நம்புகிறவள் இல்லை; பயிற்சிக்குப் போனவள், முதலுதவி தெரிந்தவள். ஆனாலும் உடம்பு நம்பியது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார், இவள் மரியாதை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது வெளியிலிருந்து மாமியாரின் குரல் கிழிந்துகொண்டு வந்தது. "சொல்லுடி! எனக்கு வாய் வரல. நீயாவது சொல்லித் தொலைடி!"

"கல்முர்ஸா!"

முதல் தடவை அது பாதிக் காற்றாகத்தான் வந்தது. இரண்டாம் தடவை அடிவயிற்றிலிருந்து வந்தது. "கல்முர்ஸா! கல்முர்ஸா!" ஏதோ ஒரு சிறுவனை விளையாட்டிலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல அந்தப் பெயரைத் திட்டித் திட்டிக் கூப்பிட்டாள். கண்ணீரும் சேறும் வாய்க்குள் போயின.

உத்தரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

"எவ அவ... பேரச் சொல்றவ?"

மலையைவிட அந்தக் குரலுக்குத்தான் அவள் நடுங்கினாள். "நான்தான் மாமா. பெர்மெத்."

அவள் பிடரியில் பொடிக்கற்கள் உதிர்ந்தன. இடுப்புக் கயிறு ஒரு முறை வெடுக்கென்று இழுத்தது, வெளியே வா என்பதற்கான இழுப்பு. அவள் உத்தரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கம் தூக்கமா வருது, புள்ள." குரல் இப்போது தேய்ந்திருந்தது. "நிறுத்தாத. இன்னொரு தடவ கூப்பிடு."

"கல்முர்ஸா," என்றாள் பெர்மெத். கயிறு மறுபடியும் இழுத்தது. இருட்டுக்குள் கையை எட்டியமட்டும் நீட்டி, விரல்களை விரித்துக்கொண்டு, அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.