மூன்றாவது வாக்கியத்தில் காணாமல்போன பதினேழு பேர்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதைக்குக் காரணமான வாக்கியத்தைக் கெடுத்தவன் நான்தான். பாளையங்கோட்டையில் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மொழி திருத்திக் கொடுக்கிறேன். ஆய்வு மாணவி நஃபீஸத் தன் கட்டுரையில் 'நான் பார்த்தேன்' என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் 'அவதானிக்கப்பட்டது' என்று மாற்றியது என் கை. அப்படி இருந்தால்தான் ஆராய்ச்சி போலத் தோன்றும் என்று நம்பியிருந்தேன்.

2

தாமிரபரணிக் கரையில் ஓர் இளம்பெண் கவலையோடு

(இல்லை. அவள் ஆற்றங்கரைப் பக்கமே போகவில்லை. மேலப்பாளையத்து வீட்டில், சாப்பாட்டு மேசையில் தாளும் பேனாவுமாக இருந்தாள்.)

நஃபீஸத்தின் ஆய்வு, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் தேய்க்கும் பெண்களின் மணிக்கட்டு வலி பற்றியது. நாற்பத்தெட்டுப் பேருக்கு, அப்பளப் பலகையின் அடியில் வைக்க ஒரே உயரத்தில் மரக்கட்டை கொடுத்தாள். மூன்று மாதத்தில் வலி குறைந்தது என்று எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். கட்டுரை திரும்பி வந்தது. 'நடை புரியவில்லை. யார், யாருடைய வலியை, எப்போது அளந்தார்? தெளிவாக எழுதி அனுப்புக.'

அவள் பிடிவாதக்காரி. இந்த முறை என்னிடம் வரவில்லை. வாக்கியத்துக்கு ஓர் ஆள், ஒரு செயல், அதற்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொண்டு தானே எழுத உட்கார்ந்தாள். முதல் இரண்டு வாக்கியங்கள் சுலபமாக வந்தன. மூன்றாவது:

மூன்று மாதம் கழித்து நாற்பத்தெட்டுப் பேரையும் நான் மறுபடி அள

பேனா நின்றுவிட்டது. நாற்பத்தெட்டுப் பேரை அவள் எங்கே அளந்தாள்? முப்பத்தொரு பேரைத்தான். மற்றப் பதினேழு பேர் இடையிலேயே கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை.*

* அவளுடைய பழைய வரைவில் 'சிலர் தொடரவில்லை' என்று இருந்தது. ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்று அதை வெட்டியதும் நான்தான்.

3

வழிகாட்டிப் பேராசிரியர் குமரவேலிடம் சொன்னாள்.

"ஏம்மா, 'பங்கேற்பாளர்கள் அளக்கப்பட்டனர்'னு போட்டுட்டுப் போ. யாரு எண்ணப் போறா?"

"நான் எண்ணிட்டேன் சார்."

"வருசக் கடைசிக்குள்ள அச்சுல வரலைன்னா உன் பட்டம் தள்ளிப்போகும்."

"தள்ளிப்போகட்டும் சார். நான் போய்க் கேட்டுட்டு வாரேன்."

(குமரவேலைக் கெட்டவராக்கிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.)

4

அடுத்த வாரம் முழுக்கக் கல்லிடைக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். வீடு வீடாக அலைந்து பதினேழு பேரில் பதினைந்து பேரைப் பிடித்தாள். சொர்ணாம்பாள் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"தப்புதான்க்கா. கட்டையை ஏன் எடுத்தீங்க?"

"மணிக்கட்டு நல்லாத்தான் இருந்துச்சு. தோளுதான் பிடுங்கி எடுத்துட்டு. நான் இம்புட்டுத்தான் உசரம். பலகை நெஞ்சுக்கு நேரா வருது. நீ வந்து கேப்பேன்னு பாத்தேன். நீ வரல. பெறவு, படிச்ச புள்ளைக்குத் தெரியாததா, நம்ம ஒடம்புலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நஃபீஸத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து, அவளுடைய முழங்கை உயரத்தை அளந்து குறித்துக்கொண்டாள். பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் குட்டை. பதின்மூன்று பேருக்கும் தோள்வலி.

வீட்டுக்கு வந்து எழுதினாள்: 'நான் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் கட்டை கொடுத்தேன். மறுபடி அளந்த முப்பத்தொரு பேருக்கு மணிக்கட்டு வலி குறைந்தது. பதினேழு பேர் இடையிலேயே கட்டையை விட்டுவிட்டார்கள். அவர்களில் குட்டையான பதின்மூன்று பேருக்குத் தோள்வலி வந்தது. அவர்களிடம் நான் தாமதமாகத்தான் கேட்டேன்.'

குமரவேல் இரண்டு முறை படித்தார்.

"நம்மளையே காட்டிக் கொடுக்குதேம்மா இது."

"ஆமா சார்."

கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு, அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

5

இரண்டு மாதம் கழித்து ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கட்டுரை ஏற்கப்பட்டது.

கட்டுரை நிராகரிக்கப்பட்டது.

இரண்டிலும் ஆளைக் காணோம். அடித்துவிட்டேன். உங்களுக்கு வேண்டியதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நஃபீஸத் அந்த மின்னஞ்சலை இன்னும் திறக்கவில்லை. அவள் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். தச்சர் ஆளுக்கொரு உயரத்தில் கட்டை அறுக்கிறார். சொர்ணாம்பாள் தன் பலகையை ஏற்றி வைத்து, முதல் அப்பளத்தைத் தேய்க்கிறாள். நஃபீஸத் எதிரே உட்கார்ந்து அவளுடைய தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.