குழுவுக்கு ஒரு பெண்

எந்தத் துறை என்று கேட்காதீர்கள். சொன்னால் ஆளையும் கண்டுபிடித்துவிடுவீர்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். ஓசூரில், மூக்கண்டப்பள்ளிப் பக்கம் இருந்த எங்கள் மண்டல அலுவலகத்துக்கு நான் இணை இயக்குநர். பேச்சியம்மாள் என்று கதவில் பலகை தொங்கும். எங்கள் துறையில் அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு உயரத்தில் சேலை கட்டிய ஆள் நான் ஒருத்திதான்.

இதைப் பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். விதியில் ‘மூத்த பெண் அதிகாரி ஒருவர்’ என்று எங்கே வந்தாலும் அங்கே என் பெயரைச் சொருகிவிடுவார்கள். நேர்முகத் தேர்வுக் குழு, டெண்டர் திறக்கும் குழு, கேன்டீன் குழு, மகளிர் தினத்தன்று கோலப்போட்டிக்கு நடுவர். நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டெண்டர் குழுவில் ஒருமுறை வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டேன். “மேடம், காபி ஆறுது பாருங்க” என்றார் பக்கத்தில் இருந்தவர். போட்டோ எடுக்கும்போது மட்டும் நடுவில் இழுத்து நிறுத்துவார்கள். கறிவேப்பிலை இல்லாமல் தாளிக்கவும் மாட்டார்கள், இலையில் விழுந்தால் ஒதுக்காமலும் இருக்க மாட்டார்கள்.

அந்தக் கணக்கில்தான் புகார்க் குழுவுக்கும் நான் தலைவி ஆனேன். அலுவலகத்தில் பெண்களிடம் எவனாவது தப்பாக நடந்தால் விசாரிக்கிற குழு. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், புகாருக்கு ஆளானவரைவிட மேல் பதவியில் இருக்க வேண்டும். கணக்கு அதிகாரி கங்கப்பனும், வெளியிலிருந்து மகளிர் சங்கத்து ராஜாத்தி அம்மாளும் உறுப்பினர்கள். எங்கள் மூவர் பெயரையும் மாடிப்படி ஓரம் ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். பெயின்ட் மங்கும் வரைக்கும் ஒரு புகாரும் வரவில்லை. பெண்கள் படியேறும்போது அதைப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு மேலே போவார்கள்.

முதலில் வந்தவள் சௌமியா. தளிப் பக்கத்துப் பெண். வேலையில் இருந்த அப்பா இறந்துபோனதால் அந்த அடிப்படையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள். தாயார் மாரம்மா பூ பயிர் செய்கிறாள். இவள் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் ஆக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் எனக்கு ஒரு படி கீழே இருந்த துணை இயக்குநர் பூபதி. புகாரும் அவர்மேல்தான்.

“ராயக்கோட்டை கேம்ப் போறப்ப என்னையும் ஃபைல் எடுத்துட்டு வரச் சொன்னாரு மேடம்” என்றாள். “ஜீப்புல பின்னாடி வந்து ஒக்காந்துட்டாரு. நான் கதவு ஓரமா நகந்துட்டே போனேன். அப்பறம் நகர எடம் இல்ல.” பிறகு, “கத்துனா வேலை பர்மனென்ட் ஆவாதுன்னாரு” என்றாள்.

முதல் விசாரணையில் ஜீப் ஓட்டுநர் திம்மப்பன் எங்கள் முன்னால் வந்து நின்றார். பயந்த மனிதர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, “கண்ணாடியில பாத்தேன் மேடம். பொண்ணு அழுதுட்டே வந்துச்சு. அவரு கைய எடுக்கல” என்றார். அதற்குமேல் என்ன வேண்டும்? பூபதியைக் கேட்பது ஒன்றுதான் பாக்கி. அவர் வாய்தா வாங்கினார். மறுபடியும் வாய்தா. பிறகு முதுகுவலி என்று மருத்துவ விடுப்பில் போய்விட்டார்.

“அவரக் கேக்காமலே எழுதிட்டா என்ன?” என்று நான் கேட்டேன்.

கங்கப்பன் தலையை ஆட்டினார். “கோர்ட்டுக்குப் போனா முதல் நாளே தள்ளிடுவாங்க மேடம். அதுக்குத்தான் அவரு ஒளியறாரு.”

அந்த வாரமே சென்னையிலிருந்து பேக்ஸ் வந்தது. எனக்குப் பதவி உயர்வு. கூடுதல் இயக்குநர். துறை தோன்றிய நாளிலிருந்து அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. உடனே வந்து பொறுப்பேற்க வேண்டும் என்றிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டிப் படித்தவள் நான். காகிதத்தைப் படித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது காய்வதற்குள் புத்தி வேலை செய்தது. பல வருடமாகக் கிடப்பில் போட்டிருந்த பதவி, இந்த வாரம் ஏன் நினைவுக்கு வந்தது? பூபதிக்குச் சென்னையில் கை நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சென்னையில் இருந்த இயக்குநருக்குப் போன் போட்டேன்.

“சார், இங்க ஒரு விசாரணை பாதியில நிக்குது. அத முடிச்சுட்டு வர்றேனே.”

“உங்க எடத்துக்கு வர்றவரு பாத்துக்குவாரும்மா.”

“வர்றவர் ஆம்பளை சார். குழுவுக்குப் பெண்தான் தலைவரா இருக்கணும்.”

“அப்ப ஒரு லேடி ஆபீசர் வர்ற வரைக்கும் நிலுவையில இருக்கட்டும். விதின்னா விதிதானே.” குரல் தேனாக இருந்தது. “பேச்சியம்மா, ஒண்ணு சொல்றேன். பெண்களுக்குக் கொடுத்தா வர மாட்டாங்கன்னு நாலு பேர் சொல்லிட்டிருந்தாங்க. நான்தான் சண்டை போட்டு உங்க பேரைப் போட்டேன். என் மூக்க அறுத்துடாதீங்க.”

போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னால் போனால் முட்டுகிறது, பின்னால் போனால் உதைக்கிறது. போனால் சௌமியாவின் புகார் செத்தது. நிரந்தரம் ஆகாத பெண்ணை வீட்டுக்கு அனுப்ப பூபதிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? திம்மப்பனையும் எங்காவது தூக்கி அடிப்பான். போகாவிட்டால் மூன்று வருடத்துக்கு என் பெயரைப் பதவி உயர்வுக்கு எடுக்க மாட்டார்கள். எனக்கு ஓய்வு பெற அவ்வளவு காலம்கூட இல்லை. அதோடு, அடுத்து எந்தப் பெண்ணின் பெயர் மேலே போனாலும் ‘அந்தம்மாவுக்குக் கொடுத்தோமே, வந்தாங்களா?’ என்பார்கள். எனக்கு மட்டுமா, எனக்குப் பின்னால் வருகிறவளுக்கும் சேர்த்து நான் கதவைச் சாத்த வேண்டும்.

என் வீட்டுக்காரர் முத்துக்குமார் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். எங்கள் ஊர்க்காரர்தான். ஓசூர் வந்து இத்தனை காலம் ஆகியும் பேச்சு மாறவில்லை. அவரிடம் சொன்னேன்.

“ஏட்டி, போயிரு” என்றார். “பணியாளர் மேல எடுக்குத நடவடிக்கை எல்லாம் அந்த மேசைக்குத்தான வருது? அங்கன உக்காந்து ஒரே கையெழுத்துல அவனத் தூக்கிரலாம்லா.”

“அறிக்கைன்னு ஒண்ணு இருந்தாத்தான கையெழுத்து போட முடியும்? நான் போயிட்டா அத யாரு எழுதுவா?”

அவர் தட்டை இழுத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. பிறகு, “ஒனக்குன்னு ஒண்ணு கெடைக்குத நேரத்துலதான் இப்படி வரணுமா” என்றார். எனக்கும் அதுதான் ஆத்திரம். பூபதி மேல் மட்டுமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் சௌமியா மேலும் ஆத்திரம் வந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா இந்தப் பெண்?

பிரிவு உபசார விழா ஏற்பாடானது. நான் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர்களாக ஷாமியானா போட்டார்கள், கேசரி கிண்டினார்கள். ‘துறையின் முதல் பெண் கூடுதல் இயக்குநர்’ என்று என் படம் போட்டு பேனர் கட்டினார்கள். உள்ளூர் நிருபர் ஒருவரும் வந்திருந்தார்.

மேடை ஏறினால், விழாத் தலைவர் நாற்காலியில் பூபதி! முதுகுவலிக்காரர் வெள்ளைச் சட்டையில் குனிந்து நிமிர்ந்து எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். ஓசூர் ரோஜாவில் கட்டிய ஆளுயர மாலையைத் தனியாளாகத் தூக்கி வந்து என் கழுத்தில் போட்டார்.

“நம்ம ஆபீசுக்கே பெருமை மேடம்” என்றார். நான் போவது உறுதியாகிவிட்டது என்கிற சந்தோஷம் அந்த முகத்தில் வழிந்தது.

அடுத்து பூங்கொத்து. எங்கள் அலுவலகங்களில் பூங்கொத்து கொடுப்பது எப்போதும் ஒரு பெண்ணின் வேலை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன். “சௌமியா, வாம்மா” என்று மைக்கில் கூப்பிட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, வழக்கப்படி செய்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பூபதியின் முழங்காலை உரசாமல் வர அவளுக்கு மேடையில் இடம் இல்லை. புடவையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, கதவோரம் நகர்ந்த மாதிரியே நகர்ந்து வந்தாள்.

“பரவால்ல மேடம், நீங்க போங்க” என்றாள் என் காதோரம். “நான் தளிக்கே போயிடறேன். அம்மாகூட பூ பறிக்கறேன்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏற்புரைக்கு மைக்கைக் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் நன்றி” என்றேன். “முக்கியமாக பூபதி அவர்களுக்கு. மருத்துவ விடுப்பில் இருப்பவர், எனக்காக இவ்வளவு பெரிய மாலையைத் தூக்கியிருக்கிறார். பூரண குணமாகிவிட்டார் என்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். கங்கப்பன் சாரும் ராஜாத்தி அம்மாவும் முன் வரிசையில் இருக்கிறார்கள். நாளைக் காலை புகார்க் குழு கூடும், பூபதி அவர்கள் வர வேண்டும். நான் சென்னைக்குப் போகவில்லை.”

கேசரி பரிமாறிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார். முதலில் கை தட்டியது கடைசி வரிசையில் இருந்த திம்மப்பன். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர். அதற்குமேல் யாரும் தட்டவில்லை. சௌமியா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவள் அழுததற்கும் நான் அழுததற்கும் காரணம் வேறு வேறு.

மறுநாள் பூபதி வந்தார். வராமல் இருக்க வழி இல்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டோம். குற்றம் நடந்தது உண்மை, நடவடிக்கை எடுக்கலாம் என்று அறிக்கை எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டோம். அன்றைக்கே அதைச் சென்னைக்கு அனுப்பினோம்.

விசாரணை முடிக்க வேண்டியிருப்பதால் பதவி உயர்வை விட்டுக்கொடுக்கிறேன் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். வந்த உத்தரவில் ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று இருந்தது. அடுத்த மகளிர் தினத்தில் இயக்குநர் மேடையில் வருத்தப்பட்டாராம், “நாங்க கொடுக்கத் தயாரா இருக்கோம், அவங்கதான் வர மாட்டேங்கறாங்க” என்று. அன்றைக்கு நான் இங்கே கோலத்துக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

சௌமியா வேலையை விடவில்லை. நிரந்தரமும் ஆகவில்லை. பூபதி அதே மாடியில், இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்தால் எழுந்து வணக்கம் வைக்கிறார். தபால் வரும் நேரத்துக்கு சௌமியா என் கதவருகே வந்து நிற்பாள்.

“மேடம், மெட்ராஸ்ல இருந்து எதுனா வந்துச்சா?”

“பரிசீலனையில இருக்காம்மா.”

“யார் டேபிள்ல மேடம்?”

அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கூடுதல் இயக்குநர் மேசையில்தான் இருக்கிறது. எனக்கு வந்த அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர் இன்னும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.