மீசையில் ஒட்டிய பொன்தூள்

அந்த மார்கழியில் மனுவேல் தன் அக்கா றோசம்மாவுக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருந்தது பதினாறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். ஈஸ்ரருக்கு முந்திய கிழமை குடிவெறியில் அவன் கட்டிய கட்டு அவிழ்ந்து, ஊரவர் ஒருவரின் படகு கல்லில் மோதிப் பிளந்துபோனது. திருத்திய செலவை அக்காதான் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை. அந்தோனியார் சொரூபத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டுபோய், கடன் தீருமட்டும் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள்.

அன்றுமுதல் ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில் வைத்தே கையை நீட்டுவாள்.

"எங்கையடா என்ரை காசு?"

இறங்குதுறையில் சீமெந்து மூட்டை சுமந்த கூலியிலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ எடுத்துக் கொடுப்பான்.

"மெதுவாக் கேளன் அக்கா. சனம் பார்க்குது."

"பார்க்கட்டும். நீ குடுக்கிற ஆம்பிளைதானே?"

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் வீட்டுக்குப் போகிற வழியில் அவனுடைய முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கு அக்காவின் மகன் றொபின்சன், மனைவி யூலியட்டோடு பிரான்சிலிருந்து நெடுந்தீவுக்கு வந்திருந்தான். நத்தார்ப் பூசைக்குப் பிறகு பத்து மணிக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும் என்றாள் யூலியட். காலைச் சாப்பாடும் இல்லையாம், மத்தியானச் சாப்பாடும் இல்லையாம்.

"அதுக்கு அங்கை பிறஞ்ச் எண்டு பேர், மாமி."

"பசிச்ச நேரம் தின்னுறதுக்கு ஒரு பேர் வேறையோ, பிள்ளை?" என்றாள் றோசம்மா.

குசினி மேசையில் யூலியட் இரண்டு கண்ணாடிச் சாடிகளை வைத்தாள். இரண்டிலும் மாதுளம்பழச் சாறு, தேசிக்காய்ப் புளி, இஞ்சிச் சோடா. மனுவேல் படகிலிருந்து இறக்கிச் சாக்குச் சுற்றித் தோளில் கொண்டுவந்த ஐஸ். ஒரு சாடியில் மட்டும் அரைப்போத்தல் பனஞ்சாராயத்தை வார்த்தாள். பிறகு இரண்டு சின்னக் குப்பிகளைத் திறந்தாள். உள்ளே மாவைவிட மெல்லிய மினுக்கத் தூள்.

"பயப்பிடாதேங்கோ மாமா, இது சாப்பிடுற தூள். சாராயம் உள்ள கொக்ரெயிலுக்குப் பொன் நிறம். இல்லாததுக்கு வெள்ளி நிறம். மாமிக்கும் உங்களுக்கும் சின்னனுகளுக்கும் வெள்ளி. இனி ரெண்டும் மாறிப்போகாது, பாருங்கோ."

தூள் விழுந்து அகப்பை சுழன்றதும், வெயிலில் சூடைமீன் கூட்டம் திரும்பினதுபோல அந்தச் சிவப்புக்குள் பொன் பளீரென்று புரண்டது. மனுவேல் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிப்பாட்டினா அடியிலை போய் இருந்திடும். நீங்கள் கலக்கிக்கொண்டிருங்கோ, மாமா. நாங்கள் ஆக்களைக் கூப்பிட்டுக்கொண்டு வாறம்."

குசினியில் அவன் தனித்துப்போனான். ஐஸ் சுமந்த தோள் இன்னும் விறைத்துக் கிடந்தது. கலக்கக் கலக்கச் சாராய வாசம் மேலே வந்தது. எட்டு மாதம் அந்த வாசத்துக்கு அவன் முகத்தைத் திருப்பியிருந்தான். ஒரு வாய்தான் என்று தொடங்கினான். ஒரு கிளாஸ் போனது. பிறகு இன்னொரு அரைக் கிளாஸ். சாடியில் மட்டம் இறங்கியதைப் பார்த்துச் சோடாவை ஊற்றிச் சரிக்கட்டினான். போட்டிருந்த சேட்டின் கையால் வாயைத் துடைத்தான், வாசம் மறைய ஒரு கராம்பைக் கடித்தான், வெள்ளிச் சாடியிலிருந்து ஒரு கிளாஸ் வார்த்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

அங்கே றோசம்மா கோயில் மூப்பர் சவிரிமுத்துவுக்கும் மற்றவர்களுக்கும் அவனைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஈஸ்ரருக்குப் பிறகு என்ரை தம்பி ஒரு சொட்டுத் தொடேல்லை. சத்தியத்தைக் காப்பாத்துறான்."

"அந்தோனியாருக்குப் பயந்தில்லை றோசம்மா, உம்மடை வாய்க்குப் பயந்து" என்றார் மூப்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். மனுவேலும் சிரித்தான். குடித்ததைவிட அந்தச் சிரிப்புத்தான் பிறகு அவனை அதிகம் தின்றது.

யூலியட் படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தினாள்.

"ஐயோ மாமா, உங்கடை மீசையிலை தங்கம்!"

சிரித்தவள் அவன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள். அதில் மினுங்கியது வெள்ளி. அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"கலக்கேக்கை தெறிச்சது" என்றான் மனுவேல். அவனை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

றோசம்மா கிட்ட வந்தாள். சின்ன வயதில் மூக்குத் துடைத்துவிட்டதுபோலச் சேலைத் தலைப்பால் அவன் மீசையைத் துடைத்தாள். கராம்பு வாசமும் அதற்கு அடியில் இருந்த வாசமும் அவளுக்கு எட்டியிருக்கும். கை ஒரு கணம் நின்றது. பொன் போகவில்லை, கன்னத்திலும் பரவியது.

"ஓம், தெறிச்சதுதான்" என்றாள், எல்லோருக்கும் கேட்க. "ஊத்தைக் கலக்கல் கலக்கியிருக்கிறான்."

ஊருக்கு முன்னால் அவனை எத்தனையோ தரம் கிழித்தவள் அவள். நத்தார் நாளும் அதுவுமாக, மூப்பரின் முகத்தைப் பார்த்து, அவனுக்காகப் பொய் சொன்னாள். நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பான் மனுவேல்.

ஆட்கள் போனபிறகு, யாரும் சொல்லாமலே கதிரைகளை அடுக்கினான். கிணற்றடியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பிறகு குசினி வாசலில் வந்து நின்றான். றோசம்மா சாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடியில் பொன்தூள் சேறுபோல இறங்கியிருந்தது.

சேட்டுப் பையிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டினான். "இந்தக் கிழமைக் காசு, அக்கா."

"வேண்டாம்."

"இன்னும் பதினாறாயிரத்து..."

"அதை விட்டிட்டன். இனி நீ ஒண்டும் தர வேண்டாம்."

"கோவத்திலை சொல்லாதை. ஏசு அக்கா. மூப்பரைக் கூப்பிட்டு வைச்சு ஏசு."

"கோவமில்லை தம்பி. எனக்கு ஏலாது" என்றாள். நேருக்கு நேர் அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் டேய்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய மனுவேல் எல்லோருக்கும் முதல் கோயில் வாசலுக்கு வந்து நின்றான். பையில் இரண்டாயிரம் ரூபாய் இருந்தது. சனத்தோடு வெளியே வந்த றோசம்மா அவனைக் கண்டு நின்றாள். கையை நீட்டவில்லை.

"சாப்பிட்டனியோ?" என்று மெதுவாகக் கேட்டாள், ஒருவருக்கும் கேட்காதபடி.

"ஓம்" என்றான், சாப்பிடாமலே.

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். பைக்குள் காசைப் பிடித்த கையை எடுக்க மறந்தவனாய், சனம் எல்லாம் போய் முடியுமட்டும் மனுவேல் அங்கேயே நின்றான்.