ஏழு நாள் நிறம்

தில்லையடியில் பாதிப் பெண்களுக்கு எந்தத் தேதியில் தொழுகை இல்லை என்பது எனக்குத் தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, நகம் காயவைக்கும் ஒரு சின்ன விளக்கு, இவற்றை வைத்துக்கொண்டு ஜெல் பூச்சுப் போடுகிறேன். நகத்தின்மேல் பூச்சு இருந்தால் தண்ணீர் படாது. தண்ணீர் படாவிட்டால் தொழுகைக்கு முன் கை முகம் கழுவுகிற வுழூ சேராது, வுழூ இல்லாமல் தொழ முடியாது. அதனால் தொழுகிற பெண்கள், மாதவிலக்கால் தொழுகை இல்லாத அந்த ஏழு நாட்களில்தான் என்னிடம் வருவார்கள். நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலே தெரிந்துவிடுகிறது, அதுதான் வம்பு.

அஸ்ரியா நான்கு வருடமாக என்னிடம் வந்தவள். கற்பிட்டியில் பிறந்து மதுரங்குளியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் மர்ஸூக்குக்கு அங்கே இரும்புக் கடை. கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. மாதாமாதம் முதல் நாள் வீங்கிய கண்ணோடு வந்து உட்காருவாள். ஏழாம் நாள் கழற்ற வருவாள். மூன்று வாரம் நிற்கிற பூச்சை ஒரே வாரத்தில் கழற்றினால் நகம் என்னத்துக்கு ஆகும்? சாதாரண கியூடெக்ஸ் பூசிக்கொள், ஒரு துடைப்பில் போய்விடும் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன்.

"அது ரெண்டு நாள்ல உரிஞ்சி போற ராத்தா," என்றாள் ஒருமுறை. "அந்த ஏழு நாளும் எனக்கு எல்லாமே போற மாதிரித்தான் ஈக்கி. இதாவது முழுசா ஈக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. கத்தரிப்பூ நிறம் கேட்டால் கத்தரிப்பூ, சிவப்புக் கேட்டால் சிவப்பு.

ஒருமுறை மட்டும் நன்றாக ஏசினேன். ஏழாம் நாள் குளித்து முழுகி மஃரிப் தொழுகையைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், பூச்சை அவளாகவே பிய்த்து எடுத்திருந்தாள். பூச்சோடு நகத்தின் மேல்தோலும் வந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் சிவந்து, புளி கரைக்கக்கூட முடியாமல் ஒரு மாதம் கஷ்டப்பட்டாள். ஜெல்லைப் போடுவது பெரிய வித்தை இல்லை. தோலில் படாமல் மெல்லிசாகப் பூசி விளக்கில் காட்டினால் சரி. பட்டதைத் துடைக்காமல் காயவிட்டால் பிறகு அரிப்பு ஆளைக் கொல்லும், அவ்வளவுதான். கழற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். மேல் மினுக்கத்தை அராவி, சுற்றியுள்ள தோலில் தேங்காயெண்ணெய் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து வெள்ளித் தாளால் சுற்றிவிட வேண்டும். கால் மணித்தியாலம் கை இரண்டையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அது தானாக நெகிழ்ந்து எழும்பும். எழும்பாவிட்டால் இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் அவள் எல்லாக் கதையும் சொல்வாள். மாமி நல்லவள்தானாம், ஏச்சுப் பேச்சு கிடையாதாம். "ஒண்டும் கேக்கிறல்ல ராத்தா. காலைல தேத்தண்ணிக் கோப்பையை நீட்டக்குள்ள என்ட விரலைத்தான் பார்ப்பா. நிறம் ஈந்தா முகம் கறுத்திடும். அவ்வளவுதான்."

போன வருடக் கடைசியிலிருந்து அவள் வருகிற கணக்குத் தப்பத் தொடங்கியது. ஐந்து வாரம், ஏழு வாரம் என்று தள்ளிப்போய், பிறகு வரவே இல்லை. ஒரு மாதம் போனது. இரண்டு, மூன்று. எனக்கு வேறு என்ன தோன்றும்? இரண்டு ரக்அத் நபில் தொழுது துஆ கேட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷி. முந்தல் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய மாமியைக் கண்டதும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி, மூணு மாசமா மருமகள் எங்கட பக்கமே வரல்ல. வாய் இனிக்க வட்டிலப்பம் எப்ப?" என்றேன்.

அந்த மனுஷியின் முகம் மலர்ந்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் மருமகளின் வெறும் விரலைப் பார்த்துப் பார்த்து உள்ளுக்குள்ளேயே வைத்திருந்த ஆசைதான் அது. ஆனால் ஊரிலிருந்து ஒருத்தி வந்து சொன்னபின் அது ஆசையாக இல்லை, செய்தியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று வீட்டுக்கு வட்டிலப்பம் போனது.

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு, அஸ்ரியா என் வாசலில் நின்றாள். நான் பதறிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள்.

"நல்ல சிவப்பாப் போடுங்க ராத்தா."

"யா அல்லாஹ், போயிட்டா?" என்றேன். கலைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"போறதுக்கு ஒண்டும் ஈக்கல்ல." அவள் குரலில் அழுகைகூட இல்லை. "புள்ள தங்கி நிண்டது இல்லயாம். மாசமே ஒரேயடியா நிண்டுட்டாம். ரெண்டு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்த. அம்பது வயசுல நிக்கிறது எனக்கு முப்பத்திரெண்டுல நிண்டுட்டு எண்டு டொக்டர் சொன்னார். இனி எனக்கு மாசமும் இல்ல, புள்ளையும் இல்ல."

நான் கல்யாண வீட்டில் உளறியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"நீங்க சந்தோசத்துலதானே சொன்னீங்க," என்றாள். ஒரு அறை அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மர்ஸூக்குக்கு எல்லாம் தெரியுமாம். டொக்டரிடமிருந்து வந்த அன்று முழுவதும் பைக்கைக் கழுவிக்கொண்டே இருந்தானாம். உம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்றானாம். கடைக்கு வருகிறவனிடம் ஒரு ஆணியை நூறு கதை சொல்லி விற்கிறவனுக்கு, பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லை.

"மாமி என்னைக் குனிய விடுறல்ல, தண்ணி தூக்க விடுறல்ல. எனக்கு முகம் பார்த்துச் சொல்ல ஏலாது ராத்தா," என்றாள் அஸ்ரியா. "விரல்ல நிறத்தைக் கண்டா அவவே விளங்கிக்குவா, இந்தத் தரமும் இல்லையெண்டு. மத்தத மெதுவாச் சொல்லலாம்."

"ஏழு நாளைக்குத் தொழாம எப்பிடிடி? உனக்குத் தொழுகை கடமையாச்சே."

"விட்டதைப் பொறகு கழாச் செஞ்சிக்குவன்."

சரி பிழை பார்க்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தூரிகையை எடுத்தேன். அடிப்பூச்சு, பிறகு சிவப்பு இரண்டு தரம். ஒவ்வொரு முறையும் விளக்குக்குள் கையை வைத்தாள். நகங்கள் மெலிந்துபோய்த்தான் இருந்தன, ஆனாலும் சிவப்பு அழகாக ஏறியது. மேல் மினுக்கம் மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னது.

அவள் முந்தானையைத் தலைக்கு இழுக்கக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையைப் பார்த்தபடியே இருந்தாள். பாங்கு முடியும்வரை அவள் அசையவில்லை.

"ராத்தா, கழட்டுங்க."

"ஏன்டி?"

"ஏழு நாள் தொழாம ஈந்தா நான் ஆருக்கிட்ட போய் அழுற?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அராவினேன், எண்ணெய் தடவினேன், பஞ்சு வைத்து ஒவ்வொரு விரலாகச் சுற்றினேன். பத்து விரலும் வெள்ளித் தாளுக்குள் போய்விட்டன. பத்து நிமிடமும் ஆகியிருக்காது, அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். மாமி.

"எடுங்க ராத்தா," என்றாள். நான் போனைச் சத்தமாக வைத்து அவள் வாய்க்கு நேரே பிடித்தேன்.

"புள்ள, எங்க ஈக்கிறீங்க? இந்த வெயிலுக்குள்ள அலையாதீங்க. இப்பதான் கவனமா ஈக்க வேண்டிய நேரம். ஆட்டோவை அனுப்பட்டா?"

அஸ்ரியா போனை நோக்கிக் குனிந்தாள். "மாமி, எனக்குப் புள்ள இல்ல. இனிக் கிடைக்கவும் மாட்டாது. டொக்டர் சொல்லிட்டார்." பிறகு என்னிடம் சொன்னதையெல்லாம் அப்படியே, ஒன்றையும் மறைக்காமல், மாமியிடமும் சொன்னாள். அவளுடைய வெள்ளி விரல்கள் மேசையில் விரிந்தபடியே இருந்தன. அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது மட்டும் கேட்டது.

"நிச்சயமாத்தான் சொன்னாரா?"

"ஓம் மாமி."

"மர்ஸூக்குக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி புள்ள, அல்லாஹ்ட நாட்டம். என்ன செய்யிற. நீங்களும் களைச்சிப் போய் ஈப்பீங்க. இங்க வந்து அவதிப்பட வேணாம். அப்பிடியே உங்கும்மா வீட்ட போய் கொஞ்ச நாளைக்கி ஈங்க. நாங்க கதைச்சிட்டுச் சொல்றோம்."

மாமி போனை வைத்துவிட்டார். அந்தக் குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானாவது நாலு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன். இதுவோ அவ்வளவு நல்ல பேச்சு.

நான் வெள்ளித் தாள்களைக் கழற்றினேன். சிவப்பு நெகிழ்ந்து எழும்பியிருந்தது. ஈர்க்குக் குச்சியால் மெதுவாகத் தள்ளத் தள்ள நோகாமல் வந்தது. சின்ன விரலில் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது, அதற்குப் புதுப் பஞ்சு வைத்துக் காத்திருந்தோம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்குப் போக மறுபடி கழுவி, வுழூ எடுத்து, என்னுடைய அறையில் முஸல்லாவை விரித்துத் தொழுதாள். கடைசி ஸுஜூதில் நிலத்தில் வைத்த நெற்றியை அவள் எடுக்க வெகுநேரம் ஆனது. நான் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்து நின்றேன்.

அவள் வெளியே வந்து முந்தானையைச் சரிசெய்தாள். முகம் மறுபடி கழுவியதுபோல் நனைந்திருந்தது.

"கற்பிட்டிக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்குத்தானே ராத்தா?"

"ஓம். இண்டைக்கு இங்க நில்லன்டி."

"இல்ல, உம்மாக்கிட்டயே போறன்." கொஞ்சம் தயங்கினாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் வெளியே போகக் கேட்கும் பிள்ளைபோல, என்னைப் பார்த்துக் கேட்டாள். "உடுப்பு எடுக்க மட்டும் மதுரங்குளிக்குப் போய்ட்டுப் போகலாம்தானே ராத்தா? மாமி அதுக்கு ஒண்டும் சொல்ல மாட்டாதானே?"

ஐந்து வருடம் அவள் கூட்டி, கழுவி, சமைத்த வீடு அது. அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டி, மதுரங்குளி பஸ் பிடிக்க அவளோடு ரோட்டுக்கு இறங்கினேன்.