கூரை கழற்றிய குசினி

சுவிஸில், ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், மூன்றாம் மாடி வீட்டில், அருள்மலர் மாதக்கணக்காக எதையும் பொரிக்கவில்லை. எல்லாவற்றையும் அவித்தாள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, மீன், எல்லாம் அவியல். கீழ்வீட்டு மனுசி கறி மணக்கிறது, கறி மணக்கிறது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கட்டடத்தைப் பராமரிக்கிறவன் வந்து வாசலில் நின்றான். இன்னும் ஒரு முறைப்பாடு வந்தால் வீட்டை விட வேண்டிவரும் என்றான். சத்தம் போடவில்லை. கைகொடுத்து, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இன்னொரு வீடு தேடுவது நடக்கிற காரியமில்லை. இந்த வீட்டுக்கே அவள் புருஷன் அருட்பிரகாசம் ஏறி இறங்காத படியில்லை. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் வீடு போய்விட்டது என்பார்கள். ஆகவே இந்த வீட்டில் இருக்க வேண்டுமென்றால் வேறெங்காவது சமைக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அருட்பிரகாசத்துக்குக் கட்டடம் இடிக்கிற வேலை. அருள்மலருக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அவன் உடைப்பான், அவள் துடைப்பாள் என்று கூட வேலைசெய்கிற யோகராஜா பகிடி விடுவான். அந்த யோகராஜாதான் ரயில் பாதை ஓரத்தில் ஆளுக்கொரு துண்டாக நகரசபை வாடகைக்கு விடுகிற தோட்டநிலத்தைப் பற்றிச் சொன்னான். ஒரு துண்டு கிடைத்தது. அங்கே ஒரு குசினி கட்டுவது என்று புருஷனும் பெண்சாதியும் முடிவெடுத்தார்கள்.

கட்டுவதற்கு எதையும் வாங்கவில்லை. இடிக்கிறவனுக்கு என்ன குறை? குப்பைக்குப் போகிறதில் பாதி நல்ல சாமான். மூடிப்போன சாப்பாட்டுக்கடை ஒன்றை உடைத்தபோது உருக்குத் தொட்டி கிடைத்தது. தெருவோரக் கருங்கல்லுகளை அடுக்கி அடுப்புக்கு மேடை. சலவை மெஷினின் டிரம்மைக் கழற்றி மேடையில் நிமிர்த்தி வைத்ததும் அதுவே அடுப்பாகிவிட்டது. சுற்றிவர ஓட்டை, காற்று நன்றாக இழுத்தது. பள்ளிக்கூடக் கதவொன்று படுத்துக்கொண்டு மேசையானது.

"அண்ணை, இந்த அடுப்பிலை சட்டியை வைச்சால் சுத்துமோ?" என்று யோகராஜா கேட்டான்.

"உன்ரை வாயை வைச்சால்தான் சுத்தும். அந்தக் குழாயைப் பிடி."

"சோறு வேகுதோ, உடுப்பு மாதிரிச் சுருங்குதோ எண்டு முதல் பாத்திட்டுத்தான் நான் சாப்பிடுவன்."

சிரிக்கக்கூட அருட்பிரகாசத்துக்குத் தெம்பில்லை. கிழமை முழுக்க கொங்கிரீட் உடைக்கிற மெஷினைப் பிடித்த கை, சனிக்கிழமையிலும் தனக்குத் தானே நடுங்கும். ஆணி அடிக்கும்போது விரலில் விழும். முதுகு குனிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் குனியாது. இருந்தும் சனிக்கிழமைதோறும் போனான். ஞாயிறுகளில் அங்கே சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அவன் ஞாயிறும் போயிருப்பான், படுத்த படுக்கையாகியிருப்பான்.

பக்கத்துத் துண்டு எலேனாவுடையது. இத்தாலிக்காரி, புருஷனை இழந்தவள், தக்காளியும் திராட்சைக்கொடியும் வைத்திருந்தாள். தொடக்கத்தில் வேலிக்கு மேலால் சின்னக் கேத்தலில் கறுத்தக் கோப்பி கொண்டுவந்து கொடுப்பாள். அடுப்பைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவள் அவள்தான். தன் வீட்டுப் பழைய இறைச்சி வெட்டும் பலகையையும் கொண்டுவந்து தந்தாள்.

கடைசியாகக் கூரை மட்டும் பாக்கி. அதுவும் தானாக வந்தது. சரக்குக் கொட்டகை ஒன்றைப் பிரிக்கிற வேலை. மேலே முழுக்கச் சாம்பல் நிறத்தில் நெளிநெளியான அஸ்பெஸ்டஸ் சீற். வேலையை மேய்க்கிற பொலியர் வழக்கத்தில் ஒரு ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக விடாதவன். அன்றைக்கு அவனாகவே வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போ, வான் வண்டியிலும் ஏற்றிவிடுகிறேன் என்றான்.

அருட்பிரகாசத்துக்குச் சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை. அவன் பிறந்த பக்கத்தில் அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடென்றால் அது தபாலதிபர் வீடு, சங்கக்கடை மனேச்சர் வீடு. அவன் தகப்பன் கடைசிவரை ஓலைக்கூரைக்குக் கீழேதான் கிடந்து செத்தார். இப்போது அவனுக்கு ஒரு அடுப்புக்கு மேலேயே அஸ்பெஸ்டஸ்.

"எங்களுக்கும் ஒரு காலம் வந்திட்டுது" என்றான் மனுசியிடம்.

"வந்தது வந்தது, கெதியா ஏத்துங்கோ. மழை வரப்போகுது."

சீற் நீளமாக இருந்தது. கிரைண்டரால் வெட்டினான். மாவரைக்கிற இடம்போலச் சாம்பல் தூள் எழும்பியது. தலைமயிர், கண்ணிமை, தக்காளி இலை, எல்லாம் ஒரே வெள்ளை. அருள்மலர் விளக்குமாற்றை எடுத்து ஒரு பொட்டுவிடாமல் கூட்டினாள். வேலைக்குப் போகும் இடத்தில் கூட்டுகிறவள், தன்னுடைய இடத்தைச் சும்மா விடுவாளா? கூட்டி, உதறி, மறுபடி கூட்டினாள்.

கூரை ஏறிய நாளிலிருந்து எலேனா வேலிப்பக்கம் வரவில்லை.

முதலில் அவர்கள் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்கள். அவள் வருவாள், இவர்களைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டுவாள், தண்ணீர்க் குழாயை எடுத்துத் தன் செடிகளை இலை இலையாகக் கழுவுவாள். கதிரையைத் தூக்கித் துண்டின் மறு மூலைக்குக் கொண்டுபோய்விட்டாள். கோப்பி நின்றுபோனது.

"கறி மணம்" என்றான் அருட்பிரகாசம். "இவவும் தொடங்கிட்டா."

"அவ அப்பிடியான மனுசி இல்லை."

"கீழ்வீட்டுக்காரியும் முதல் வருஷம் கேக் கொண்டந்து தந்தவதானே."

எலேனா தோட்டக்காரர் சங்கத்தில் ஒரு சொல் சொன்னால் குசினி போய்விடும். குசினி போனால் மறுபடி மூன்றாம் மாடி, மறுபடி அவியல், என்றைக்காவது கை தவறிப் பொரித்த மீன், பிறகு தெரு. சொல்லாமலே இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆகவே அருட்பிரகாசம் தன் மூளைக்கு எட்டியதைச் செய்தான். புகையும் மணமும் எலேனாவின் பக்கம் போகாமல் இருக்க, மிச்சமிருந்த சீற்றுகளை வெட்டி, அடுப்புக்குப் பின்னால் அவள் வேலியை ஒட்டி ஒரு மறைப்புக் கட்டினான். மறுபடி கிரைண்டர், மறுபடி தூள், மறுபடி விளக்குமாறு. அவளுக்காகத்தான் கட்டுகிறேன் என்பதைக் காட்ட அவளைப் பார்த்துச் சிரித்தான். எலேனா கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பாத்தீரோ? நல்லது செய்தாலும் பிடிக்கேல்லை" என்றான்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அருள்மலர் தூளுக்கு மிளகாய் வறுக்கத் தொடங்கினாள். பெரிய தாச்சிச் சட்டி, நல்ல எரிகிற விறகு. வீட்டுக்குள் வறுத்தால் அந்தக் கட்டடம் முழுக்க இருமும். மல்லியையும் சீரகத்தையும் முதலே வறுத்துப் பரவி வைத்திருந்தாள். மாதக்கணக்குக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அருட்பிரகாசம் பள்ளிக்கூடக் கதவில் தலையை வைத்து அரைத்தூக்கத்தில் இருந்தான்.

படாரென்று ஒரு வெடி. அடுப்புச் சூட்டில் பின்பக்கச் சீற் நடுவால் பிளந்து, சாம்பல் துண்டுகள் தாச்சிக்குள் தெறித்தன. அருள்மலர் கையை உதறினாள், காயமில்லை என்று பார்த்தாள், பிறகு மிளகாய்க்குள் விழுந்த துண்டுகளை விரலால் பொறுக்கத் தொடங்கினாள். நல்ல மிளகாய், சூரிச்சிலிருந்து வந்தது. எறிய மனம் வருமா?

எலேனா வேலியைச் சுற்றி வரவில்லை, வேலியைத் தாண்டி வந்தாள். பாவாடை கம்பியில் கிழிந்தது. வந்தவள் ஒரு துணியால் தாச்சியின் பிடியைப் பிடித்து, மிளகாய் முழுவதையும் மண்ணில் கவிழ்த்தாள். பரவி வைத்த மல்லியையும் தட்டிவிட்டாள்.

அருட்பிரகாசம் எழுந்து நின்றான். அடுப்பில் ஏறியதை வெளியாள் ஒருத்தி வந்து கவிழ்ப்பது முகத்தில் அறைந்ததற்குச் சமம். "என்ன செய்யிறாய் நீ?" என்று தமிழிலேயே கத்தினான். பிறகுதான் ஜேர்மன் வந்தது.

எலேனாவின் ஜேர்மனும் உடைந்ததுதான். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத பாஷை என்றபடியால் ஒரு சொல் விடாமல் விளங்கியது. இது கறியில்லை, இது, என்று அவள் கூரையைக் காட்டினாள். அவள் புருஷன் இந்தச் சீற் செய்கிற ஆலையில் வேலை செய்தவன். இந்தத் தூள்தான். பல வருஷம் உள்ளே சும்மா கிடந்துவிட்டு, பென்சன் எடுத்த பிறகு நெஞ்சை இறுக்கிக் கொன்றது. அவன் வேலை உடுப்பை உதறி உதறிக் கழுவியது நான், என்றாள்.

"ஏன் முதலே சொல்லேல்லை?" என்றாள் அருள்மலர்.

"உன் புருஷன் இடிக்கிற வேலைக்காரன். தெரிந்துதான் செய்கிறான் என்று நினைத்தேன். சொன்னால், இத்தாலிக்காரி எங்களைத் துரத்தப் பார்க்கிறாள் என்பீர்கள்."

அருட்பிரகாசம் நம்பவில்லை. ஊரில் பாதிச் சனம் இதற்குக் கீழேதானே படுத்து எழும்புகிறது என்றான். எலேனா "நீ வெட்டினாய்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அருள்மலரைப் பார்த்தாள். "நீ கூட்டினாய்."

திங்கட்கிழமை பொலியரிடம் போய்க் கேட்டான். அந்தச் சீற் கூடாததா? பொலியர் அவன் முகத்தைப் பார்க்காமல், வெளியில்தானே வைத்திருக்கிறாய், காற்றோட்டம், ஒன்றும் செய்யாது என்றான். சொல்லிக்கொண்டே நடந்தான். அந்த நடையில் அருட்பிரகாசத்துக்கு எல்லாம் விளங்கியது. அந்தச் சீற்றுகளை ஒழுங்காக அகற்ற வேண்டுமென்றால் முகமூடி போட்ட ஆட்கள் வரவேண்டும், செலவு. அந்தச் செலவைத்தான் பொலியர் வானில் ஏற்றிவிட்டான்.

"அப்ப அண்ணை," என்றான் யோகராஜா, அன்றைக்குப் பகிடி இல்லாமல், "அந்தக் கொட்டகைக் கூரையைக் கழட்டினதும் நாங்கள்தானே."

"ஓம்."

"கடுதாசி முகமூடியோடை."

"ஓம் எண்டிறன்."

அந்தக் கிழமை அருள்மலர் அவித்தாள், இரண்டு பேரும் தின்றார்கள், வேலைக்குப் போனார்கள். வியாழக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவள் திரும்பாமலே, "என்னை இரண்டு தரம் கூட்ட விட்டியள்" என்றாள். எனக்குத் தெரியாது என்று அவன் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் தெரியாது என்ற சொல் அவள் நெஞ்சுக்குள் போனதை வெளியே எடுக்காது.

சனிக்கிழமை தூறல். அது நல்லதுதான், தூள் எழும்பாது என்றாள் எலேனா. அவள் சொன்னபடி அருட்பிரகாசம் சீற்றுகளை நனைத்து நனைத்து, உடையாமல் கழற்றி, தடித்த பொலித்தீனில் சுற்றினான். வேறொருவரையும் கிட்ட விடவில்லை. ஏற்கெனவே விழுங்கியவன் அவன்தானே, இன்னொருவன் எதற்கு? யோகராஜா வானோடு வேலிக்கு வெளியே நின்றான். குப்பை எடுக்கிற இடத்தில் நின்றவன் பொதியைக் கண்டதும் ஒரு அடி பின்னால் போய், இதை வெட்டியது யார் என்று கேட்டான். அருட்பிரகாசம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அந்த ஆள் ஒரு மூலையைக் காட்டினான்.

திரும்பி வந்தபோது அருள்மலர் தோட்டத்தில் நின்றாள். ஈரத்துணியால் கல்லையும் டிரம்மையும் மேசையையும் துடைத்து, அந்தத் துணிகளைப் பையில் கட்டி வைத்திருந்தாள். தூள் விழுந்த மேல்மண்ணை நனைத்து வழித்து இன்னொரு பையில் கட்டியிருந்தாள். மேலே வெறும் குழாய்கள், அதற்கு மேலே வானம்.

"வீட்டை போம். நனைஞ்சு போறீர்" என்றான்.

"போய் என்னத்தைச் செய்ய? அவிக்கவோ?"

"எங்கையாவது தகரம் பாக்கிறன். வேலைத்தலத்திலை—"

"அங்கையிருந்து இனி ஒரு சாமானும் இஞ்சை வரக்கூடாது."

"அப்ப இந்தக் கல்லு? டிரம்?"

"அது வந்திட்டுது. இனி வரக்கூடாது எண்டிறன்."

அவள் விறகைப் பற்றவைத்தாள். ஈர விறகு, புகைந்து புகைந்து பிடித்தது. கடுதாசியில் சுற்றி வந்த புது மிளகாயைத் தாச்சியில் கொட்டினாள். மறைப்பு இல்லாததால் காரம் நேரே எலேனாவின் பக்கம் போனது. எலேனா தும்மினாள், பிறகு இருமினாள். இருமல் நீண்டது. மிளகாய்க்கா, வேறெதற்கா என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் யோசித்தார்கள். அருள்மலர் அகப்பையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். எலேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வறு, வறு என்று கையைக் காட்டினாள். சங்கத்தில் சொல்ல மாட்டாயா என்று அருட்பிரகாசம் கேட்டான். கறியைப் பற்றியா என்று அவள் திருப்பிக் கேட்டாள். தனக்கும் ஒரு போத்தல் தூள் வேண்டும் என்றாள்.

தூறல் பெருத்தது. சூடேறிய தாச்சியில் துளி விழுந்து சுர்ரென்றது.

"மூடியைப் பிடியுங்கோ, மிளகாய் நனையுது."

அருட்பிரகாசம் பெரிய சட்டி மூடியை எடுத்து, அவள் கிண்டுகிற கைக்கு இடம்விட்டு, தாச்சிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான். மழை அவன் முதுகில் இறங்கியது. மெஷின் பிடித்த கை வழக்கம்போல நடுங்கியது, மூடியும் கூடவே நடுங்கியது.

"கை நோகுதோ?"

"நோகுது. நீர் கருகாமல் இறக்கும்."