மூடி போட்ட மாஸ்க்

பிள்ளையின் தொடையில் ஊசி போட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் நர்சு அமுதவள்ளி சுவரைப் பார்த்தாள். ஆணியில் பழமலையின் வேலைச் சட்டை தொங்கியது. அதன் மேல் வெள்ளை மாஸ்க் ஒன்று. நடுவில் பாட்டில் மூடி மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"ஏக்கா, அது யாரு போடறது?"

"எங்க வூட்டுக்காரருதான். மில்லுல போட்டுக்குவாரு. கம்பெனியில குடுத்தது. நல்ல மாஸ்க்கு" என்றாள் வளர்மதி. அன்று கரண்ட் இல்லை என்று பீங்கான் கம்பெனிக்கு லீவு விட்டிருந்தார்கள். பழமலை ரேஷன் கடைக்குப் போயிருந்தான்.

"மில்லுல போடட்டும். புள்ளையத் தூக்கும்போது அது வேணாம்னு சொல்லு. தூசிக்குப் போடறது அது. உள்ள போற காத்த நல்லா வடிகட்டும். வெளிய வுடற மூச்சு இருக்குது பாரு, அது அந்த மூடியத் தொறந்துகிட்டு நேரா வந்துடும். போட்டுக்கறவங்களுக்குத்தான் காப்பு. எதிர்ல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. போன வருசமே கவர்மெண்டுல வேணாம்னுட்டாங்க."

வளர்மதி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "போட்டுக்கறவருக்கே சீக்கு இருந்தா?"

"போட்டும் போடாத மாதிரிதான். துணி மாஸ்க்கு ரெண்டு போட்டாக்கூட இதுக்கு அது தேவலாம்."

நர்சு இந்தத் தெருவுக்குப் புதுசு. பிள்ளையின் தாய், வளர்மதியின் மகள், கொரோனாவில் போய்விட்டாள் என்று அவளுக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். பிள்ளை வீறிட்டு அழுதது. வளர்மதிக்கு அழுகைச் சத்தம் எங்கோ தள்ளிக் கேட்டது. அவளுக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். இது அந்த மனுசனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவன் இருக்க மாட்டான்.

சித்திரையில் மகள் துர்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். திட்டக்குடியிலிருந்து மருமகன் நந்தகுமார் தன் லோடு வண்டியிலேயே கொண்டுவந்து விட்டுப் போனான். அந்த நேரத்தில்தான் ஊரெல்லாம் சாவு விழ ஆரம்பித்தது. கடைத்தெருவில் தள்ளுவண்டி போட்டு மாஸ்க் விற்றார்கள். பூப்போட்டது, கருப்பு, கட்சிக்கொடி கலரில் கூட இருந்தது. வளர்மதி பழைய புடவையைக் கிழித்து வீட்டுக்கு நாலு தைத்து வைத்தாள்.

பழமலை அதையெல்லாம் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தான். இருபது வருசமாக மூட்டை மூட்டையாகப் பீங்கானுக்கான கல்மாவைக் கம்பெனி மில்லில் கொட்டுகிறவன். அந்த மாவு எதில் நிற்கும், எதில் நிற்காது என்பதைத்தான் அவன் பார்ப்பான். வேலைச் சட்டைப் பையில் ஒட்டியிருந்த மாவை எடுத்துப் புடவைத் துணியின் மேல் தூவி, அடியிலிருந்து வாயை வைத்து உறிஞ்சினான். உதடெல்லாம் வெள்ளை. மருந்துக் கடை நீல மாஸ்க்கை அதே மாதிரி பார்த்தான். ஓரத்தில் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் கம்பெனி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மிச்ச மாவை மூஞ்சிக்கு நேரே வீசிக்கொண்டான். கழற்றி மூக்கைக் காட்டினான்.

"பாரு. ஒரு பொட்டு மாவு இல்ல. மாவே போவாததுல கிருமி எங்க போவும்?"

கூட வந்திருந்த, மில்லில் அவனோடு வேலை செய்கிற செந்தமிழன் வாசலில் நின்றபடி சொன்னான்: "மாமா, மாஸ்க்கெல்லாம் சரி. மூடியோட பாத்தா பன்னி மூக்கு மாதிரி இருக்குது. துர்கா பயந்துக்கப் போவுது."

"போடா, உன் மூஞ்சிக்கு அது தேவலாம்."

துர்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் ஒன்று மாட்டிப் பார்த்தார்கள். நிறைமாசத்துக்காரிக்கு மூச்சு முட்டியது, பிடுங்கிப் போட்டுவிட்டாள். "நீ போட வேணாம் புள்ள. வெளிய போயிட்டு வரவன் நான். நான் போட்டுகிட்டா போதும்" என்றான் பழமலை. அது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. வளர்மதிக்கும் பட்டது. தான் தைத்த நாலையும் அலமாரிக்குள் போட்டுவிட்டாள்.

தினமும் வேலை விட்டு வந்து குளித்துவிட்டு, சாப்பிடுகிற நேரம் போக மாஸ்க்கோடுதான் மகள் பக்கத்தில் உட்காருவான். சாத்துக்குடி உரித்துக் கொடுப்பான். கால் வீங்கியிருக்கிறது என்று பிடித்துவிடுவான். ஒரு வாரம் இருமினான். மில்லில் வேலை செய்கிறவன் இருமுவது அந்தத் தெருவில் யாருக்கும் புதுசில்லை. உடம்பு கொஞ்சம் சுட்டது. மாத்திரை போட்டுக்கொண்டான், வேலைக்குப் போனான். துர்காவுக்கு மூச்சு இழுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். அவனுக்கும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அன்றைக்குக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். அவளை எடுக்க முடியவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைக் கூடத் திறக்க விடவில்லை. நந்தகுமார் பிள்ளையை வளர்மதியிடமே விட்டுவிட்டு லோடு வண்டிக்குத் திரும்பிவிட்டான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் பழமலை ஒன்றையே சொன்னான். "நான் ஒரு நாள் கூட மாஸ்க்கு இல்லாம எம்பொண்ணு கிட்ட போனது கெடையாது. ஸ்கேன் எடுக்கப் போன எடத்துலதான் வாங்கிகிட்டு வந்துட்டா." அதைச் சொன்ன பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது. ஆடி பிறந்து கம்பெனி திறந்ததும் அவன் மறுபடி வேலைக்குப் போனது அதனால்தான்.

நர்சு போய்க் கொஞ்ச நேரத்தில் அவன் அரிசிப் பையோடு வந்தான். கை கால் கழுவினான். ஆணியிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, "ஊசி போட்டாங்களா? எங்க எங்கப்பனக் காட்டு" என்று தொட்டிலுக்குக் குனிந்தான்.

"இருய்யா" என்றாள் வளர்மதி. குரல் அவள் நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. "அத அவுத்துட்டுத் துணி மாஸ்க்கு போட்டுகிட்டுத் தூக்கு. ரெண்டா போட்டுக்க."

"ஏன், இதுக்கு என்னா?"

"மூடியப் பாத்துப் புள்ள பயப்படுது."

"எம்மாங் குழந்தை, அதுக்கு மூடியத் தெரியுமா, மொட்டயத் தெரியுமா?" என்று மூஞ்சியைத் தொட்டிலுக்குள் நீட்டினான். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அந்த மூடியையே பார்த்தது. பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. "பயப்படுதாம். சிரிக்குதுடி."

அவள் பிள்ளையை வெடுக்கென்று எடுத்து மார்பில் சாத்திக்கொண்டாள். "நர்சம்மா சொன்னாங்க" என்றது வாய். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"என்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கம்பெனி அழுக்கோட புள்ள கிட்ட வரக் கூடாதாம்."

"தெனம் சோப்பு போட்டுத்தான அலசறேன்?"

அவள் பிள்ளையோடு அடுப்பங்கரைப் பக்கம் போனாள். பின்னால் அவன் நின்றுகொண்டே இருப்பது தெரிந்தது. அவன் முட்டாள் இல்லை. எதையாவது ஒன்றை எடுத்தால் முடிவு தெரியாமல் விடமாட்டான். அன்று சாயந்திரம் துணி மாஸ்க் இரண்டைப் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கினான். சோறு தின்றான். நர்சு பேச்சை எடுக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் வளர்மதி நினைத்தாள்.

மறுநாள் வேலை விட்டு வந்தவன் குளிக்கப் போகவில்லை. தலை, புருவம், கழுத்து எல்லாம் மாவு. வழக்கமாகக் கம்பெனி வாசலிலேயே மாஸ்க்கை உதறிவிட்டுத்தான் வருவான். அன்றைக்கு உதறாமல், தட்டில் பலகாரம் ஏந்தி வருகிறவன் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். அவள் முன்னால் தரையில் வைத்தான்.

"பாரு."

மாஸ்க் முழுக்கக் கல்மாவு அப்பியிருந்தது. மூடியைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக ஒரு வட்டம் இருந்தது.

"இங்க மட்டும் படியல" என்றான். "ஏன் படியலன்னு செந்தமிழனக் கேட்டேன். மூச்சு இதுவழியாத்தான மாமா வருது, எப்பவும் அப்படித்தான இருக்கும், இப்பதான் பாக்கறியான்றான். இருபது வருசமா பாத்துகிட்டுத்தான் இருக்கறேன்."

வளர்மதி மாஸ்க்கைத் தள்ளி வைத்தாள். "அதனால என்னா? ஸ்கேன் எடுக்கற எடத்துல அவ்ளோ கும்பல். ஒருத்தன் மூஞ்சியில ஒண்ணும் இல்ல. நானும் கூடத்தான் போனேன், என் கண்ணால பாத்தேன்."

"நான் கேட்டனா உன்ன?"

"இல்லய்யா, அங்கதான்..."

"நேத்தே உனக்குத் தெரியும்" என்றான். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. "ஒரு வாரம் இருமனேன், வளரு. அவ மூஞ்சிக்கு நேரா குந்திகிட்டு இருமனேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். மாவு அவள் கையிலும் ஒட்டியது. அவன் கையை உருவிக்கொண்டு கொல்லைக்குப் போய் இரண்டு குடம் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டான். வெகுநேரம் தேய்த்தான். திரும்பி வந்து ஈரத்துண்டோடு வாசல்படியில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

பிள்ளை பசிக்கு அழத் தொடங்கியது. பால் பவுடர் கலக்க வெந்நீர் கொதிக்கவில்லை. தொட்டிலை ஆட்டிப் பார்த்தாள், அடங்கவில்லை.

"புள்ளயச் செத்த புடிய்யா. பால் கரைக்கணும்."

"தொட்டில்லயே கெடக்கட்டும்."

"உடம்பெல்லாம் நடுங்க அழுவுது, காதுல வுழலையா உனக்கு? நீ புடிக்கலன்னா வேற யாரு இருக்கா இதுக்கு?"

வளர்மதி அலமாரியைத் திறந்து தான் தைத்த துணி மாஸ்க்கில் இரண்டை எடுத்து, அவன் பின்னால் நின்று, சின்னப் பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அவன் மூஞ்சியில் கட்டினாள். அவன் தடுக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வெந்நீர் ஊற்றிப் பாட்டிலைக் குலுக்கும்போது அழுகை நின்றுவிட்டது தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். பிள்ளை அவன் மடியில் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவன் பிள்ளையைப் பார்க்கவில்லை. கழுத்தை முறுக்கித் தெருப் பக்கம் வைத்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. முதலில் அழுகிறான் என்றுதான் நினைத்தாள். பிறகுதான் பார்த்தாள், மாஸ்க்குத் துணி அசையவே இல்லை.

"மூச்ச வுடுய்யா" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று.

"ரெண்டு துணி கட்டியிருக்குது. வுடுய்யா. நல்லா இருப்ப, மூச்ச வுடு."

பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளைதான் எதுவும் தெரியாமல், அவன் தாடையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.